மெத்தை கேட்டால் ‘அது நடனம்’ என்கிறார்கள்: சியர்லீடிங் விளையாட்டா, இல்லையா?

கோரிமேடு டீச்சர்
வெள்ளி, இரவு 9.10

சேலத்தில் ஒரு கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். எங்களிடம் 18 மாணவிகள் கொண்ட சியர்லீடிங் அணி இருக்கிறது. சியர்லீடிங் என்பது ஆட்டம் பார்க்கும் கூட்டத்தை உற்சாகப்படுத்தப் பிறந்தது; இப்போது ஆளைத் தூக்கி நிறுத்தும் வித்தைகளோடு தனிப் போட்டியாகவும் நடக்கிறது. மூன்று ஆண்டுகளாகப் பயிற்சி கொடுத்து வருகிறேன். இந்த வாரம் விளையாட்டுக் குழுக் கூட்டத்தில் தரைமெத்தைகளுக்குப் பணம் கேட்டேன். “அது நடனம்தானே, கலைவிழாக் கணக்கில் கேளுங்கள்” என்றார்கள். கலைவிழாக் குழுவிடம் போனால், “ஆளைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறீர்கள், அது விளையாட்டுத் துறையின் பொறுப்பு” என்கிறார்கள். இங்கும் இல்லை, அங்கும் இல்லை.

நாங்கள் என்ன செய்கிறோம் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான்கு பேர் சேர்ந்தால் ஒரு ஸ்டண்ட். இரண்டு பேர் ‘பேஸ்’. எதிரெதிரே நின்று, முழங்காலை மடக்கி, நான்கு உள்ளங்கைகளையும் இடுப்பளவில் தட்டுபோல ஏந்துவார்கள். ‘பேக் ஸ்பாட்’ பின்னால் நின்று ஏறுபவளின் இடுப்பைப் பிடித்திருப்பாள். ஏறுபவள் ‘ஃப்ளையர்’. ஒன்று முதல் எட்டு வரை எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருக்கும். ஐந்தில் எல்லோரும் தாழ்ந்து எழ வேண்டும். ஏழில் அவள் பாதம் பேஸ்களின் தோளுக்கு மேலே போயிருக்க வேண்டும். தூக்குவது கை அல்ல, தொடை. மேலே நிற்பவள் குனிந்து பார்க்கக் கூடாது. பார்த்தால் எடை முன்பக்கம் சாய்ந்துவிடும். அதனால் மைதானத்தின் எதிர்க்கோடியில் உள்ள வேப்பமரத்தின் உச்சியைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அவள் சரிந்தால் தலையையும் தோளையும் பிடிக்க வேண்டியவள் பேக் ஸ்பாட்.

மார்ச் மாதம் அப்படிச் சரிந்தாள். ஃப்ளையருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளைத் தாங்கப் போன பேஸ் மாணவியின் இடது மணிக்கட்டு முறிந்தது. கீழே இருந்தது செம்மண் தரையும் ஒரு தார்ப்பாயும்.

திங்கட்கிழமை முதல்வரிடம் மனு கொடுக்கப் போகிறேன். இது விளையாட்டு இல்லை என்று நினைப்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள். அங்கே எழப்போகும் கேள்விகளை இங்கேயே சந்தித்துவிட விரும்புகிறேன்.

ஓமலூர் கபடி
வெள்ளி, இரவு 9.48

டீச்சர், அந்தப் பெண்ணின் கை சீக்கிரம் குணமாகட்டும். மெத்தை கட்டாயம் வேண்டும். ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில், இல்லை.

இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கபடி சொல்லிக்கொடுக்கிறேன். விளையாட்டு என்றால் எதிரே ஒருவன் நிற்க வேண்டும். என்னைத் தடுக்க அவனும், அவனைத் தாண்ட நானும் முயல வேண்டும். அல்லது கடிகாரமோ அளவுகோலோ தீர்ப்புச் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டினார். குறுக்குக் கம்பு விழவில்லை. தங்கம் அவருக்கு. அவர் அழகாகத் தாண்டினாரா, சிரித்துக்கொண்டு தாண்டினாரா என்று யாரும் மதிப்பெண் போடவில்லை.

இன்னொன்று. சியர்லீடிங் பிறந்ததே வேறொருவருடைய ஆட்டத்துக்காக. ஆட்டம் கோட்டுக்கு உள்ளே நடக்கிறது, இவர்கள் கோட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். வெளியே நிற்பது கேவலம் என்று சொல்லவில்லை. அது துணை, அவ்வளவுதான்.

செவ்வாய்ப்பேட்டை வாசி
வெள்ளி, இரவு 10.05

2008இல் ஐ.பி.எல். தொடங்கியபோது வெளிநாட்டிலிருந்து பெண்களை வரவழைத்து எல்லைக்கோட்டருகே ஆடவிட்டார்கள். சிக்ஸருக்கு ஓர் ஆட்டம், விக்கெட்டுக்கு ஓர் ஆட்டம். அந்த விளம்பரக் கலாச்சாரத்தை நம் ஊர்க் கல்லூரிக்குள் கொண்டுவந்துவிட்டு அதற்கு விளையாட்டு என்று பெயர் வைப்பதை ஒரு பெண்ணின் தகப்பனாக என்னால் ஏற்க முடியாது.

மூன்றாம் ஆண்டு பேக் ஸ்பாட்
வெள்ளி, இரவு 10.31

ஐயா, நான் டீச்சரின் அணியில் இருக்கிறேன். நீங்கள் ஒரு நாள் மாலை வந்து எங்கள் பயிற்சியைப் பாருங்கள். முழுக்கால் டிராக் பேண்ட், பனியன், காலணி. இதுதான் எங்கள் உடை. வந்தவுடன் முதல் வேலை கொலுசைக் கழற்றி ஒரு டிபன் டப்பாவில் போடுவது. கொலுசின் திருகாணி பேஸின் உள்ளங்கையைக் கிழித்துவிடும். ஒரு முறை கிழித்திருக்கிறது. நகம் வெட்டியிருக்க வேண்டும். மோதிரம், வளையல், தோடு எதுவும் கூடாது. சேலத்துப் பெண்களைக் கொலுசில்லாமல் நிறுத்துவது எளிதல்ல, டீச்சர் நிறுத்தியிருக்கிறார்.

ஐ.பி.எல்.லில் நீங்கள் பார்த்தது கேமராவுக்கான ஆட்டம். அதைப் பார்த்துவிட்டு எங்களைத் தீர்மானிக்காதீர்கள். போட்டியில் எங்களுக்குக் கிடைப்பது இரண்டரை நிமிடம். அதற்குள் ஸ்டண்ட், பிரமிடு, தாவல், குட்டிக்கரணம் எல்லாம் முடிந்தாக வேண்டும். அந்த இரண்டரை நிமிடத்தில் நாங்கள் யாரையும் உற்சாகப்படுத்துவதில்லை. எங்களுக்கே மூச்சு போதுவதில்லை.

சேர்வராயன் மலை
சனி, காலை 6.20

ஏற்காட்டில் ஓய்வுபெற்று வாழும் பழைய பி.டி. மாஸ்டர் நான். வரலாற்றில் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு என் கருத்துக்கு வருகிறேன்.

இது பெண்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் அறிய வேண்டும்: சியர்லீடிங்கைத் தொடங்கியவர்கள் ஆண்கள். 1898 நவம்பரில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜானி கேம்பல் என்ற மாணவர் கூட்டத்துக்கு முன்னால் வந்து நின்று கோஷம் எழுப்பச் செய்தார். பெண்கள் சேர்ந்தது கால் நூற்றாண்டு கழித்து, 1920களில். அமெரிக்க அதிபராக இருந்த ஐசன்ஹோவர் ராணுவக் கல்லூரியில் முழங்கால் அடிபட்டுக் கால்பந்தை விட்ட பிறகு சியர்லீடராக இருந்தவர். ஆண்கள் செய்தவரை அது தலைமைப் பண்பு. பெண்கள் கைக்கு வந்த பிறகு ஆட்டம், பாட்டம்!

ஆனாலும் நான் கபடி மாஸ்டர் பக்கம்தான் சற்றுச் சாய்கிறேன். எழுபதுகளில் நம் பள்ளி விளையாட்டு விழாக்களில் பிரமிடு இல்லாமல் நிறைவு நிகழ்ச்சி கிடையாது. கீழே ஐந்து பேர், மேலே நான்கு, மூன்று என்று அடுக்கி உச்சியில் ஒரு சிறுவனை நிறுத்துவோம். கையில் கொடி. அதை யாரும் விளையாட்டுப் போட்டி என்று சொன்னதில்லை. ‘டிஸ்பிளே’ என்போம். கூட்டு உடற்பயிற்சியும் அப்படித்தான். உடற்கல்விக்குள் போட்டி இல்லாத பகுதி ஒன்று உண்டு, அதற்கும் மரியாதை உண்டு. எல்லாவற்றையும் விளையாட்டு என்று அழைத்தால்தான் மதிப்பு என்ற நிலை எப்படி வந்தது?

அந்தப் பிரமிடுகளில் ஒன்றை நான் மறக்கவில்லை. மலையில் மூடுபனி இறங்கிய பிற்பகல், புல் நனைந்திருந்தது. உச்சியில் நின்றவன் எட்டாம் வகுப்புப் பையன். இரண்டாம் அடுக்கில் ஒருவனின் முழங்கால் வழுக்கியது. பையன் மல்லாந்து விழுந்தான். நல்ல வேளையாகத் தோளோடு போயிற்று. அதன்பின் நான் பிரமிடு கட்டவே இல்லை.

ஓமலூர் கபடி
சனி, காலை 7.15

மாஸ்டர் சொன்னது சரி. ஆபத்து இருப்பதால் ஒன்று விளையாட்டு ஆகிவிடாது. எங்கள் பக்கம் கிணறு வெட்டுகிறவர்கள் எண்பது அடி ஆழத்தில் பாறைக்கு வெடி வைக்கிறார்கள். அதைவிட ஆபத்தா? உழைப்பு, வியர்வை, துணிச்சல் எல்லாம் அங்கேயும் இருக்கின்றன.

கோரிமேடு டீச்சர்
சனி, காலை 11.40

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், சார்.

முதலில் அளவுகோல். நடுவர் மதிப்பெண் போட்டால் விளையாட்டு இல்லை என்றால் ஜிம்னாஸ்டிக்ஸ் போய்விடும். 2016 ரியோவில் தீபா கர்மாகர் நான்காம் இடம் பெற்றது நடுவர் மதிப்பெண்ணால்தான். இசைக்கு ஏற்ப நீந்தும் கூட்டு நீச்சலும், ரிப்பனும் பந்தும் வைத்துச் செய்யும் ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸும் 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கிலிருந்து இருக்கின்றன. நம் மத்திய விளையாட்டு அமைச்சகம் 2020 டிசம்பரில் யோகாசனத்தைப் போட்டி விளையாட்டாக அங்கீகரித்தது. யோகாசனத்தில் எதிரே யார் நிற்கிறார்கள்?

வியர்வை பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாட்டின் முதல் கேல் ரத்னா விருது சதுரங்கம் ஆடிய விஸ்வநாதன் ஆனந்துக்குக் கிடைத்தது. அப்படியென்றால் உடலுழைப்பு அளவுகோல் அல்ல, ஒத்துக்கொள்கிறேன். ஆபத்தும் அளவுகோல் அல்ல. கிணற்று உதாரணம் சரியானது. ஆனால் நான் ஆபத்தைச் சொன்னது விளையாட்டு என்று நிரூபிக்க அல்ல. விளையாட்டு என்று பதிவு செய்யாததால் என்ன நடக்கிறது என்று காட்டத்தான்.

அமெரிக்காவிலேயே இதைப் பார்த்துவிட்டார்கள். சியர்லீடிங்கில் சுளுக்கு, சிராய்ப்பு போன்ற மொத்தக் காயங்கள் மற்ற விளையாட்டுகளைவிடக் குறைவு. ஆனால் பள்ளி மாணவிகளுக்கு விளையாட்டில் ஏற்படும் மிகக் கடுமையான காயங்களில், தலை, கழுத்து, முதுகுத்தண்டு போன்றவற்றில், பாதிக்கும் மேல் இதில் நேர்ந்திருக்கின்றன. அதனால் அந்நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2012இல் இதை விளையாட்டாக அறிவிக்கச் சொன்னது. 2014இல் அமெரிக்க மருத்துவச் சங்கமும் அதையே சொன்னது. பட்டம் கொடுப்பதற்காக அவர்கள் கேட்கவில்லை. விளையாட்டு என்று எழுதினால்தான் தகுதியுள்ள பயிற்சியாளர், மருத்துவப் பரிசோதனை, அடிபட்டால் முதலுதவி, சரியான தரை எல்லாம் கட்டாயமாகும். கடினத் தரையிலும் ஈரத் தரையிலும் ஸ்டண்ட் செய்யக் கூடாது என்றும் அவர்கள் எழுதியிருக்கிறார்கள். மலை மாஸ்டர் சொன்ன அந்த நனைந்த புல்லைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

கபடி சார், உங்கள் ஆட்டமும் மண்ணில்தான் இருந்தது. இன்று ஆண்களுக்கு 13க்கு 10 மீட்டர், பெண்களுக்கு 12க்கு 8 மீட்டர் என்று மேட் விரித்து ஆடுகிறீர்கள். அந்த மேட் எப்படி வந்தது? கபடி 1990இல் ஆசிய விளையாட்டுக்குள் போனது, விதி வந்தது, சங்கம் வந்தது, கூடவே பணமும் வந்தது. எங்கள் தளம் 54க்கு 42 அடி. அதில் கால்வாசிதான் நான் கேட்கிறேன்.

அம்மாபேட்டை தறிவீடு
சனி, பகல் 2.05

மணிக்கட்டு முறிந்தது என் மகளுக்கு.

எனக்கு இந்த விவாதமெல்லாம் புதிது. முதல் வருடம் அவள் சேர்ந்தபோது நடனம் என்றுதான் சொன்னாள். வீட்டில் அவள் அப்பாவுக்கு அதுவே பிடிக்கவில்லை. இரண்டாவது வருடம் தோளில் காய்ப்பு ஏறியிருந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டேன். “அம்மா, ஐம்பது கிலோ பெண்ணை மேலே நிறுத்துகிறேன்” என்றாள். தறியில் பாவு ஏற்றிய உருளையை இரண்டு ஆண்கள் சேர்ந்து தூக்குவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

கை முறிந்த அன்று பஸ்ஸில்தான் மருத்துவமனைக்கு வந்தாள். துணைக்கு இரண்டு மாணவிகள். டீச்சர் அன்று தேர்வுப் பணியில் இருந்தார்; அவரைக் குறை சொல்ல மாட்டேன். கபடி, வாலிபால் ஆடுகிற பிள்ளைகளுக்குக் கல்லூரி வண்டி வரும், காப்பீடு உண்டு. என் மகளின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. கட்டுப் போட்டது, மாத்திரை, இரண்டு முறை எக்ஸ்ரே எல்லாம் எங்கள் செலவு. பாதிப் பரீட்சையை இடது கையைத் துணித் தூளியில் தொங்கவிட்டபடியே எழுதினாள்.

விளையாட்டுக்கும் நடனத்துக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. பட்டியலில் பெயர் இருந்த பெண்ணுக்கு வண்டி வந்தது. என் பெண் பஸ்ஸில் வந்தாள். அந்த வித்தியாசம் தெரியும்.

செவ்வாய்ப்பேட்டை வாசி
சனி, பகல் 2.50

அம்மா, நான் எழுதியதை உங்கள் மகளை நினைத்து எழுதவில்லை. விளம்பரக் கலாச்சாரம் என்று நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். பெயர் மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஆத்தூர் சிலம்பம்
சனி, மாலை 5.30

நான் முப்பது வருடமாகக் கம்பு சுற்றுகிறவன். ஆசான் என்று ஊரில் அழைப்பார்கள். இந்த விவாதத்தில் என் மனம் இரண்டு பக்கமும் இழுக்கிறது.

முதலில் எதிர்ப்பு. விளையாட்டு என்று ஒன்றை அறிவித்தால் அதன் பின்னாலேயே சான்றிதழ் வரும், சான்றிதழின் பின்னால் ஒதுக்கீடு வரும். தமிழ்நாட்டில் அரசு வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீடு 3 விழுக்காடு. அதில் சிலம்பம் நுழைவதற்குள் ஒரு தலைமுறையின் முடி நரைத்துவிட்டது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில்கூடச் சிலம்பம் கண்காட்சி விளையாட்டாகத்தான் இருந்தது. நேற்று வந்த ஒன்று மேசைக்கு முன்னால் வந்து உட்காரும்போது, வரிசையில் நின்றவனுக்கு வலிக்கும். 2022இல் மகாராஷ்டிராவில் மனிதப் பிரமிடு கட்டி உறியடிக்கும் தஹி ஹண்டியை விளையாட்டு என்று அறிவித்து, வேலை ஒதுக்கீடும் உண்டு என்றார்கள். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் கொதித்தார்கள். அந்தக் கொதிப்பு எனக்குப் புரிகிறது.

ஆனால் கபடி ஐயா சொன்ன ‘துணை’ என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. என் அப்பா காலத்தில் சிலம்பம் எங்கே இருந்தது? ஆடித் திருவிழாவில் மாரியம்மன் ஊர்வலத்துக்கு முன்னால் இருந்தது. கல்யாண ஊர்வலத்தில் இருந்தது. சாமி பின்னால் வரும், கூட்டத்தை விலக்கிக்கொண்டு நாங்கள் முன்னால் சுற்றிக்கொண்டு போவோம். யாருக்காகச் சுற்றினோம்? சாமிக்காக. அது வழிபாட்டுக்குத் துணைதான். அதே கம்பை அதே ஆள் இன்று வட்டத்துக்குள் சுற்றினால் புள்ளி கிடைக்கிறது. தொடுமுறையில் எதிராளி உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஒற்றைக் கம்பு வீச்சில், இரட்டைக் கம்பு வீச்சில் எதிராளி கிடையாது. வீச்சையும் காலடியையும் பார்த்து நடுவர்தான் மதிப்பெண் போடுகிறார். அதற்காக என் மாணவி விளையாட்டு வீராங்கனை இல்லை என்று யாராவது சொன்னால் விடமாட்டேன்.

ஊர்வலத்துக்கு முன்னால் பிறந்தது என்பதற்காகச் சிலம்பத்தைத் தள்ளக் கூடாது என்றால், எல்லைக்கோட்டுக்கு வெளியே பிறந்தது என்பதற்காக இதையும் தள்ளக் கூடாது. இதை எழுதும்போதே எனக்குக் கொஞ்சம் கசக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

ஓமலூர் கபடி
சனி, இரவு 8.15

ஆசான் சொன்னதை இரண்டு முறை படித்தேன். பிறந்த இடத்தை வைத்துச் சொன்ன வாதத்தை விட்டுவிடுகிறேன். கபடியும் வயல்வெளியில் பிறந்ததுதான்.

ஆனால் என் உண்மையான அச்சத்தை இன்னும் நான் சொல்லவில்லை. அதற்கு ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்துக் குவின்னிப்பியாக் பல்கலைக்கழகம் 2009இல் பெண்கள் வாலிபால் அணியைக் கலைக்க முடிவு செய்தது. பெண்களுக்கான விளையாட்டு வாய்ப்பு குறையக் கூடாது என்று அங்கே சட்டம் இருக்கிறது. அதை ஈடுகட்டச் சியர்லீடிங்கைப் பெண்கள் விளையாட்டு என்று கணக்குக் காட்டினார்கள். வாலிபால் பெண்களும் பயிற்சியாளரும் நீதிமன்றம் போனார்கள். 2010இல் தீர்ப்பு வந்தது: சியர்லீடிங் இப்போதைய நிலையில் விளையாட்டாகக் கணக்கில் வராது. 2012இல் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது.

டீச்சர், நான் பயப்படுவது இதற்குத்தான். பெண்கள் கபடி அணி வைத்தால் மேட் வேண்டும், விடுதி வேண்டும், வெளியூர்ப் பயணம் வேண்டும், காலை உணவில் முட்டை வேண்டும். சியர்லீடிங் அணி வைத்தால் கல்லூரி விழாவுக்கு அழகு, புகைப்படத்துக்கு அழகு, விளம்பரப் பலகைக்கும் அழகு. ‘பெண்களுக்கும் ஓர் அணி இருக்கிறது’ என்று கணக்குக் காட்ட நிர்வாகம் எதைத் தேர்ந்தெடுக்கும்? என்னிடம் இருக்கும் பதினான்கு பெண்களில் பாதிப் பேர் கரும்புக் காட்டிலிருந்தும் செங்கல் சூளையிலிருந்தும் வருகிறவர்கள். கபடிதான் அவர்களுக்குக் கல்லூரி. அந்த இடம் போய்விடக் கூடாது.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அந்த நீதிபதி பார்த்தவை: ஒரே மாதிரி விதி இருக்கிறதா, நிலையான போட்டி அட்டவணை இருக்கிறதா, சமமான எதிரணிகள் உண்டா. உங்கள் அணி யாரோடு போட்டியிட்டது? எத்தனை முறை?

கோரிமேடு டீச்சர்
ஞாயிறு, காலை 7.30

இரவு முழுவதும் உங்கள் பதிவைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், சார். இதுவரை இங்கே வந்த கேள்விகளில் இதுதான் கனமானது.

போட்டிகள் குறைவு. மறைக்க விரும்பவில்லை. சென்ற ஆண்டு இரண்டுக்குப் போனோம். ஒன்றில் ஐந்து அணிகள், இன்னொன்றில் நான்கு. இரண்டிலும் விதிப்புத்தகம் வேறு வேறு. ஒன்றில் ஃப்ளையரை மேலே எறிந்து பிடிக்க அனுமதி இருந்தது, மற்றதில் இல்லை. அந்த நீதிபதி எங்களைப் பார்த்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

ஆனால் அந்தத் தீர்ப்பு கதவை அடைத்துவிடவில்லை. விதியும் அமைப்பும் போதாது என்றுதான் சொன்னது. வளர்ந்தால் ஒரு நாள் தகுதி பெறலாம் என்பதற்கு இடம் வைத்தது. அதன் பிறகு என்ன ஆயிற்று? அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. 2020இல் ‘அக்ரோபாட்டிக்ஸ் அண்ட் டம்ப்ளிங்’ என்பதைப் பெண்களுக்கான வளரும் விளையாட்டுகள் பட்டியலில் சேர்த்தது. 2023இல் ‘ஸ்டண்ட்’ என்ற ஆட்டத்தையும் சேர்த்தது. இந்த ‘ஸ்டண்ட்’ ஆட்டத்தில் கோஷம் கிடையாது, கையில் குலுக்கும் ‘பாம்பாம்’ குஞ்சம் கிடையாது. இரண்டு அணிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒரே வரிசையை ஒரே நேரத்தில் செய்கின்றன. யார் பிசகாமல் செய்தார்களோ அவர்களுக்குப் புள்ளி. நான்கு கால்பகுதி: ஸ்டண்ட், பிரமிடும் வீச்சும், தாவலும் கரணமும், கடைசியில் முழு அணி. எதிரே ஒருவர் நிற்க வேண்டும் என்றீர்களே சார், பக்கத்தில் நிற்கிறார்.

அதனால் என் மனுவையே மாற்றிவிட்டேன். முதலில் ‘சியர்லீடிங் அணிக்கு விளையாட்டு அங்கீகாரம்’ என்று எழுதியிருந்தேன். விழா மேடையில் ஆடுவதையும் போட்டிக்குப் போவதையும் ஒன்றாகக் கட்டியது என் தவறு. விழாவில் ஆடுவது கலைவிழாக் கணக்கிலேயே இருக்கட்டும். போட்டிக்குப் பயிற்சி எடுக்கும் அணி மட்டும் விளையாட்டுத் துறையில் பதிவாகட்டும். எந்தப் பெண்கள் அணியின் பணத்திலிருந்தும் இதற்கு எடுக்கக் கூடாது, எந்த அணிக்கும் பதிலாக இதைக் காட்டக் கூடாது என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அந்த வரி உங்களுடையது.

சேர்வராயன் மலை
ஞாயிறு, காலை 8.10

இந்தப் பிரிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு பழைய ஆளின் கேள்வி: போட்டிக்குப் போகும்போதுதான் மெத்தை என்றால், விழாவுக்காகப் பிரமிடு கட்டும் பிள்ளைகள் மறுபடியும் தார்ப்பாயில்தானா? என்னுடைய எட்டாம் வகுப்புப் பையன் போட்டியில் விழவில்லை.

கோரிமேடு டீச்சர்
ஞாயிறு, காலை 8.25

விழா மேடையில் தோளுயரத்துக்கு மேல் யாரையும் ஏற்ற மாட்டேன். மேடை சிமெண்ட். இதை மனுவிலேயே எழுதிவிடுகிறேன், மாஸ்டர்.

மூன்றாம் ஆண்டு பேக் ஸ்பாட்
ஞாயிறு, காலை 8.40

டீச்சர், நாங்கள் விழாவில் மூன்றடுக்கு வைத்திருந்தோமே.

கோரிமேடு டீச்சர்
ஞாயிறு, காலை 8.44

இனி இல்லை, கண்ணு.

கோரிமேடு டீச்சர்
ஞாயிறு, மாலை 4.00

மனுவின் முதல் பத்தி இது. குறை இருந்தால் சொல்லுங்கள்.

“ஒலிம்பிக் விளையாட்டான சியர்லீடிங்கில் போட்டிகளுக்குச் செல்லும் நம் கல்லூரி மாணவியர் அணியை விளையாட்டுத் துறையின் கீழ்ப் பதிவு செய்து, பயிற்சிக்கான தரைமெத்தைகள், பயிற்சி நேரத்தில் முதலுதவி, மற்ற அணிகளுக்கு உள்ளதுபோன்ற காப்பீடு ஆகியவற்றை வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்.”

ஓமலூர் கபடி
ஞாயிறு, மாலை 4.35

முதல் சொல்லை எடுங்கள், டீச்சர். இது ஒலிம்பிக் விளையாட்டு அல்ல. சர்வதேச ஒலிம்பிக் குழு 2016இல் உலக சியர்லீடிங் சங்கத்துக்குத் தற்காலிக அங்கீகாரம் கொடுத்தது, 2021 ஜூலையில் முழு அங்கீகாரம் கொடுத்தது. அங்கீகாரம் வேறு, ஒலிம்பிக் போட்டியில் இடம் வேறு. சதுரங்கத்துக்கும் பிரிட்ஜ் சீட்டாட்டத்துக்கும்கூட அந்த அங்கீகாரம் இருக்கிறது, போட்டியில் இடமில்லை. குழுவில் ஒருவருக்கு இது தெரிந்திருந்தால் முதல் வரியிலேயே உங்கள் மனு கிழிந்துவிடும். நான் அந்தக் குழுவில் இருந்தால் கிழித்திருப்பேன்.

இது விளையாட்டு என்று இப்போதும் நான் முழு மனதாகச் சொல்லவில்லை. ஐந்து அணிகள் ஐம்பது அணிகளாகட்டும், விதிப்புத்தகம் ஒன்றாகட்டும், அப்போது சொல்கிறேன். ஆனால் காப்பீட்டை மூன்றாவதாகப் போட்டிருக்கிறீர்கள். அதை முதலில் போடுங்கள். மெத்தைக்கு விலை இருக்கிறது, அதை வைத்துப் பேரம் பேசுவார்கள். காப்பீட்டில் பெயர் சேர்ப்பதை மறுக்க ஒரு காரணமும் சொல்ல முடியாது.

கோரிமேடு டீச்சர்
ஞாயிறு, மாலை 5.10

திருத்திவிட்டேன், சார். “சர்வதேச ஒலிம்பிக் குழு 2021இல் முழுமையாக அங்கீகரித்த சியர்லீடிங்கில்” என்று தொடங்குகிறது. காப்பீடு முதலில் இருக்கிறது. நகல் இரண்டு எடுத்துவிட்டேன்.

அம்மாபேட்டை தறிவீடு
ஞாயிறு, மாலை 5.32

நானும் வருகிறேன் டீச்சர். எக்ஸ்ரே படமும் செலவுச் சீட்டுகளும் என்னிடம் இருக்கின்றன. எத்தனை மணிக்கு?

கோரிமேடு டீச்சர்
ஞாயிறு, மாலை 5.34

பத்து மணிக்கு, அம்மா. வாசலில் நிற்கிறேன்.